சிக்கனப் பிரசங்கமும் 253 வெள்ளியும்

வட சிலாங்கூர் தோட்டப்புறங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுப் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கிறது. தேவார வகுப்பு நடந்த அதே கோயில் மண்டபம், அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். பதாகையில் மட்டும் ‘மாணவர்களுக்கான நிதி விழிப்புணர்வு’ என்று எழுதியிருக்கும். கிள்ளானிலிருந்தோ ஷா ஆலாமிலிருந்தோ கோட்டுப் போட்ட ஒருவர் வருவார். திரையில் இரண்டு பத்திகள் விழும். இடப்பக்கம் ‘தேவை’, வலப்பக்கம் ‘ஆசை’. தினமும் குடிக்கும் விலையுயர்ந்த காப்பியை நிறுத்தினால் வருடத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குக் காட்டுவார். கடைசியில் ஒரு கத்தரிக்கோல் கிரெடிட் கார்டை இரண்டாக வெட்டுகிற படம். கைத்தட்டல், மீ கோரேங் பொட்டலம், நற்சான்றிதழ், குழுப்படம். வாரக் கடைசியில் பத்திரிகையில் செய்தி.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் இப்படி நான்கைந்து முகாம்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நடத்துகிறவர்களில் பலர் நல்லவர்கள், சொந்தப் பெட்ரோல் செலவில் வருகிறவர்கள். அதனால்தான் இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நான் சொல்கிறேன். இந்த முகாம்களால் பயனில்லை. பயனில்லாததோடு நிற்காமல், கடன் என்பது கணக்கு அல்ல, ஒழுக்கம் என்று பிள்ளைகளை நம்பவைத்து அனுப்புகின்றன. அந்த நம்பிக்கை பிறகு அவர்களுக்குப் பெரிய செலவு வைக்கிறது.

முதலில், அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்கலாம். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். பெஸ்தாரி ஜெயாவிலிருக்கும் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா படிப்பவர்கள், பூஞ்சாக் அலாம் பக்கம் படிப்பவர்கள், வார இறுதிக்கு தஞ்சோங் மாலிமிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள். இந்த நாட்டில் சொந்தப் பெயரில் கடன் பற்று அட்டை எடுக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2011-இல் பேங்க் நெகாரா விதியை இறுக்கியது. ஆண்டு வருமானம் 18,000 வெள்ளி இருந்தால் போதும் என்றிருந்ததை 24,000 ஆக்கியது. மாதத்துக்கு 2,000. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பன்னிரண்டால் பெருக்கினால் 20,400. அதாவது, குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் செம்பனைக் குலை வெட்டுகிற அப்பாவுக்கே கார்டு கிடையாது, பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்? யாரோ ஒரு மாமாவின் கணக்கில் துணை அட்டை எடுத்தால்தான் உண்டு. கத்தரிக்கோல் படத்தைப் பார்த்துக் கைதட்டுகிற பிள்ளைகளிடம் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த விலையுயர்ந்த காப்பியைக் குடிப்பவர்களும் அங்கே யாருமில்லை. பெஸ்தாரி ஜெயாவில் காப்பி ஓ இன்னும் காப்பி ஓ விலைக்குத்தான் கிடைக்கிறது.

அப்படியானால் இந்தப் பாடமே வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஏனென்றால் அந்த நாள் வரத்தான் போகிறது. டிப்ளோமா முடித்து, பூஞ்சாக் அலாமிலோ கிள்ளானிலோ 2,000, 2,200 வெள்ளிக்கு முதல் வேலை கிடைக்கும். மூன்றாம் மாதம் பேரங்காடி வாசலில் மேசை போட்டு நிற்கிற ஒருவர், “அண்ணே, சம்பளச் சீட்டு மட்டும் போதும், ஒரு பேக் இலவசம்,” என்று கூப்பிடுவார். ஆண்டு வருமானம் 36,000-க்கு மேல் போகாதவர் இரண்டு நிறுவனங்களிடம் மட்டுமே அட்டை வாங்கலாம், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதச் சம்பளம்வரை வரம்பு என்பது அதே 2011 விதி. 2,000 வெள்ளி சம்பளக்காரருக்கு 4,000-மும் 4,000-மும் சேர்ந்து 8,000. நான்கு மாத உழைப்பை இன்றைக்கே செலவழிக்கிற வசதி, ஒரே மதியத்தில். அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போது தேவை – ஆசைப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்து ஒன்றும் ஆகாது. வரவேண்டியது ஒரு கணக்கு.

அந்தக் கணக்கை இங்கேயே போட்டுவிடுகிறேன், ஏனென்றால் நான் போன எந்த முகாமிலும் இதை யாரும் போடவில்லை.

கார்டில் 5,000 வெள்ளி பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு, மாதத்துக்கு ஒன்றரை. முதல் மாத வட்டி 75 வெள்ளி. பாக்கி 5,075. குறைந்தபட்சத் தொகை என்று அறிக்கையில் அச்சடித்திருப்பது இதில் ஐந்து விழுக்காடு, 253 வெள்ளி 75 காசு. அதைக் கட்டுகிறோம். மேற்கொண்டு ஒரு காசுகூடச் செலவழிக்கவில்லை. அடுத்த மாதம் பாக்கி குறைந்திருக்கும், அதனால் குறைந்தபட்சத் தொகையும் குறைந்திருக்கும். மூன்றாம் மாதம் இன்னும் குறையும். இப்படியே குறைந்து குறைந்து 50 வெள்ளியில் வந்து நிற்கும், ஏனென்றால் அதற்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. பார்க்கிறவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். சுமை குறைகிற மாதிரி தெரியும். ஆனால் இந்த வழியில் அந்த 5,000 வெள்ளி தீர ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் 1,800 வெள்ளியைத் தாண்டும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். முதல் மாதம் கட்டிய அந்த 253 வெள்ளி 75 காசை, பேங்க் குறைத்துக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு மாதமும் அப்படியே கட்டிக்கொண்டு வருகிறோம். அதே சம்பளம், அதே கார்டு, அதே வட்டி. இரண்டு ஆண்டுக்குள் கடன் முடிந்துவிடும். வட்டி ஆயிரத்துக்குக் கீழே நிற்கும்.

முதல் மாதம் கட்ட முடிந்தவனால் பதினைந்தாம் மாதமும் பெரும்பாலும் கட்ட முடியும். ஆசையை அடக்க வேண்டியதில்லை, காப்பியை நிறுத்த வேண்டியதில்லை. குறைந்தபட்சத் தொகை தானாகவே சுருங்கும், அந்தச் சுருக்கம்தான் கடனை நீட்டுகிறது என்கிற ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். படிவம் 3 கணக்கு இது. கோட்டுப் போட்டவருக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும்.

இன்னும் சில உண்டு. பாக்கி முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவருக்குக் குறைந்தது 20 நாள் வட்டியில்லாத அவகாசம் கிடைக்கும். கொஞ்சம் பாக்கி வைத்தால் அந்த அவகாசம் போய்விடும், புதிதாக வாங்குகிற அரிசிக்கும் வட்டி ஓடும். கார்டைச் சொருகி ஏ.டி.எம்.மில் காசு எடுத்தால் அவகாசமே கிடையாது, எடுத்த நாளிலிருந்து வட்டி, அதோடு கட்டணமும். பன்னிரண்டு மாதம் தவறாமல் கட்டி வந்தவருக்கு வட்டி 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, பத்து மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. ஒரு மாதம் மறந்தால் பாக்கியில் ஒரு விழுக்காடு அபராதம், குறைந்தது 10 வெள்ளி, கூடினால் 100. இத்தனையும் பொதுவில் இருக்கிற விதிகள். ரகசியம் ஒன்றுமில்லை.

பின் ஏன் இதைச் சொல்வதில்லை? ஒரு முகாம் முடிந்து மீ கோரேங் சாப்பிடும்போது பேச்சாளரிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னார்: “அண்ணே, கணக்கெல்லாம் இவங்களுக்கு ஏறாதுண்ணே. நம்மவங்களுக்கு மொதல்ல மைண்ட்செட் மாறணும். காசோட அருமை தெரியாத இனம்.”

இந்தக் கட்டுரை அந்த வாசகத்துக்கான பதில்தான்.

காசின் அருமை தெரியாத இனமா? இந்த மண்ணுக்கு நம் ஆட்கள் வந்து இறங்கியதே கடனோடுதான். கங்காணி ஊரில் இருந்த பழைய கடனை அடைத்து, கப்பல் செலவு கொடுத்து, கூட்டி வந்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டான். 1907-இல் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகள் கட்டும் வரியிலிருந்து கப்பல் கட்டணத்தைக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1910-இல் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டப்பட்டது. வரும்போதே கடனாளியாக வர வேண்டாம் என்பதைச் சட்டம்தான் செய்தது. கங்காணிக்கு யாரும் மனமாற்ற வகுப்பு எடுத்ததாகத் தெரியவில்லை. (இந்தப் பக்கத்தில்தான் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர். நம் ஆட்களின் பங்கு இந்த மாவட்டத்தின் வரலாற்றில் பெயராக மட்டும் நிற்கிற இடங்களில் அதுவும் ஒன்று.)

கங்காணி போனாலும் கடைப் புத்தகம் போகவில்லை. தோட்டத்துக் கடையின் 555 நோட்டுப் புத்தகத்தை நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டோம். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், நெத்திலி எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளன்று கடைக்காரர் ஆபீஸ் வாசலிலேயே நிற்பார். அந்தப் புத்தகம் நம்மை ஏமாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் கார்டில் இல்லாத ஒன்று இருந்தது. கடைக்காரருக்கு வீட்டு நிலவரம் தெரியும். வீட்டில் இத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், இந்த மாதம் மழை, வேலை நாள் குறைவு என்று கணக்குப் பார்த்து, “இதுக்கு மேல வேணாம்மா, கட்ட முடியாது,” என்று அவரே நிறுத்துவார். எங்கள் லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் தங்களுக்கென்று தனியாகக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, மாசக் கடைசியில் கடைக்காரரின் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவார்கள். பேங்க் அறிக்கையை ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று முகாமில் சொல்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய சாட்சி கூட்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் கூட்டுப் பிடிப்பது குற்றம். பிடித்தவர் பணத்தோடு ஓடிப்போன கதையும் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு, அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அதை நடத்தியது யார் என்று யோசியுங்கள். ஆறாம் வகுப்பைத் தாண்டாத பெண்கள். பன்னிரண்டு பேர், தலைக்கு 200 வெள்ளி, மொத்தம் 2,400. அவசரக்காரி ஒருத்தி 300 தள்ளுபடிக்குக் கேட்டு இரண்டாம் மாதமே 2,100-ஐ எடுத்துப் போவாள். தள்ளிய 300-ஐ மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். இப்போது எடுத்தால் நமக்கு எவ்வளவு நட்டம், எட்டாம் மாதம் வரை பொறுத்தால் எவ்வளவு மிச்சம், அடகுக் கடையில் சங்கிலியை வைத்தால் இதைவிட மலிவா என்பதையெல்லாம் பால் வாளியைக் கழுவிக்கொண்டே மனக்கணக்காகப் போட்டார்கள். “மொதல்ல எடுக்கிறவ வட்டி கட்டுறா, கடைசில எடுக்கிறவ வட்டி வாங்குறா.” என் சின்னம்மா வாயில் கேட்ட வாசகம் இது. கடன் என்பது எதிர்காலத்தை விலை கொடுத்து இப்போதைக்கு இழுப்பது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. இவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் கணக்கு ஏறாதாம்.

சரி, சமூகத்துக்குச் சிக்கனம் சொல்லித் தருகிற மேடைகளின் கதையையும் கொஞ்சம் பார்க்கலாம். 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோது, ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் அழைப்பை ஏற்று ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் பங்கு வாங்கினார்கள். திரண்ட பணம் நூறு மில்லியன் வெள்ளிக்கு மேல். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பணம் கொடுத்தவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் நிறையப் பேர். சமூகத்தின் பொருளாதாரப் புரட்சி என்று மேடையில் சொன்னார்கள். 2010-இல் அந்தப் பங்குகளை ஒரு பங்குக்கு 80 காசு என்று இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்ததோடு கதை முடிந்தது. ஒரு வெள்ளிப் பங்கு, இருபத்தெட்டு ஆண்டு கழித்து 80 காசு. அந்த நகைகளில் எத்தனை மீட்கப்பட்டன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கடன் வாங்கிப் பங்கில் போடாதே என்பது நிதிக்கல்வியின் அரிச்சுவடி. அதை மீறச் சொன்னது படிப்பில்லாத தொழிலாளி அல்ல, மேடையிலிருந்தவர்கள். இதே சமூகம்தான் 1960-இல் துன் சம்பந்தன் கேட்டபோது சிறுகச் சிறுகக் கட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கித் தோட்டங்களையே வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். மக்கள் மாறவில்லை. அவர்கள் நம்பிய ஏற்பாடுகள்தான் வேறு.

ஆகவே, ‘நம்மவங்க மைண்ட்செட்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு இனி எந்தத் தோட்டத்துக் கோயிலுக்கும் யாரும் வரவேண்டாம்.

இனி, தோட்டத்துப் பிள்ளையின் கையில் உண்மையில் என்ன கடன் இருக்கிறது? கிரெடிட் கார்டுக்கு முன்பே மூன்று வந்துவிடுகின்றன.

பி.டி.பி.டி.என். கல்விக் கடன் ஒன்று. 1997-இல் சட்டம் போட்டு அமைத்தது. இப்போது ஆண்டுக்கு ஒரு விழுக்காடு கட்டணம். முதல் வகுப்பில் பட்டம் வாங்கினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற கடன்களோடு ஒப்பிட்டால் இது சாது. ஒருகாலத்தில் கட்டாதவர்களை நாட்டை விட்டுப் போக விடாமல் பட்டியலில் போட்டார்கள், 2018-இல் அந்தத் தடையை எடுத்தார்கள். எடுத்த பிறகு, கட்டவே வேண்டாம் போலிருக்கிறது என்று நம் பையன்களில் சிலர் நினைத்துக்கொண்டார்கள். பாக்கி அப்படியே கிடந்து, பிறகு வீட்டுக் கடன் கேட்கிற நாளில் சி.சி.ஆர்.ஐ.எஸ். பட்டியலில் தலையைக் காட்டும்.

இரண்டாவது, மோட்டார். இதில்தான் முகாம்காரர்களோடு எனக்குப் பெரிய சண்டை. மோட்டார் சைக்கிளை ‘ஆசை’ப் பத்தியில் எழுதிய ஒருவரைக் கண்ணால் பார்த்தேன். செம்பனைக் காட்டுக்குள் இருக்கிற லயத்திலிருந்து பெஸ்தாரி ஜெயா வளாகத்துக்குக் காலை எட்டு மணி வகுப்புக்கு எந்தப் பஸ்ஸில் போவது என்று அவர் சொல்லட்டும். அங்கே மோட்டார் என்பது கால்.

அந்தக் காலுக்கு என்ன விலை? மோட்டார் 9,000 வெள்ளி, முன்பணம் இல்லை, ஐந்து ஆண்டு, வட்டி 10 விழுக்காடு என்று தாளில் எழுதியிருக்கும். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் காலங்காலமாக அனுமதித்து வந்த உச்ச அளவு அது. பையன் நினைப்பான்: கார்டுக்கு 18, இது 10 தானே, மலிவு. ஆனால் இது தட்டை வட்டி. முதல் நாள் தொகையான 9,000-க்கே ஐந்து ஆண்டும் வட்டி போடுவார்கள், நீ பாதி கட்டிய பிறகும்கூட. வருடத்துக்கு 900, ஐந்து வருடத்துக்கு 4,500. மொத்தம் 13,500. மாதம் 225 வீதம் அறுபது மாதம். கார்டுக் கணக்குப் போல, குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால் இந்த 10 விழுக்காடு 17-க்கு மேல் வருகிறது. அதாவது மோட்டார்க் கடையில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்தப் பையன் கிரெடிட் கார்டு வட்டியைத்தான் கட்டத் தொடங்கிவிட்டான். அட்டை மட்டும்தான் கையில் இல்லை. கத்தரிக்கோலால் எதை வெட்டுவது?

அந்தத் தாளில் இன்னொரு கையெழுத்தும் இருக்கும். அப்பாவுடையது, அல்லது சம்பளச் சீட்டு இருக்கிற சித்தப்பாவுடையது. பிணைக் கையெழுத்து என்றால் சாட்சிக் கையெழுத்து மாதிரி என்றே நம் பெரியவர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். பையன் கட்டாவிட்டால் கடிதம் அவர்களுக்கு வரும். 2017-இல் திருத்திய சட்டப்படி, சொந்த உபயோக வாகனத்துக்கும் படிப்புக்கும் வீட்டுக்கும் கைம்மாறு இல்லாமல் பிணை நின்றவரை நொடித்தவராக்க முடியாது. அது பெரிய பாதுகாப்பு. ஆனால் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியும். இந்த இரண்டு வாக்கியத்தைக் கோயில் மண்டபத்தில் அப்பாக்களுக்குச் சொன்ன ஒரு முகாமை எனக்குக் காட்டுங்கள், நானே மீ கோரேங் வாங்கித் தருகிறேன்.

மூன்றாவது, கைப்பேசிக்குள் இருக்கிறது. இப்போது வாங்கு, பிறகு கட்டு. பதினெட்டு வயதும் அடையாள அட்டையும் இருந்தால் பெரும்பாலும் போதும், சம்பளச் சீட்டு கேட்பதில்லை. மூன்று தவணை, வட்டி இல்லை என்பார்கள். தவணை தவறினால் கட்டணம். ஓர் ஆப்பில் 40, இன்னொன்றில் 65, மூன்றாவதில் 38. எல்லாம் சின்னத் தொகை, எல்லாம் வேறு வேறு தேதி. இதுதான் ஆபத்து. கடைக்காரரின் 555 புத்தகம் ஒன்றுதான், மொத்தம் கண்ணுக்குத் தெரியும். இங்கே மூன்று புத்தகம், கூட்டல் போடுகிறவர் யாருமில்லை. 2011-இல் பேங்க் நெகாரா கார்டுக்குப் போட்ட வேலிக்கு வெளியே, வருமானமே இல்லாத மாணவர்களுக்கென்று திறந்த வாசல் இது. இவர்களைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர நுகர்வோர் கடன் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து நிறைவேறியதே 2025-இல்தான்.

மாதக் கடைசியில் இந்த மூன்றும் ஒன்றாக இடிக்கும்போது ஆலோங் வருகிறான். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிற தொலைபேசி எண் இப்போது வாட்ஸ்அப்பிலேயே வருகிறது. உரிமம் பெற்ற வட்டிக்காரர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆலோங் அதை ஓரிரு வாரத்தில் வாங்கிவிடுவான். அவனிடம் போவதற்கு முன்னால் ஏ.கே.பி.கே. என்று ஒன்று 2006-லிருந்து இருக்கிறது, பேங்க் நெகாரா அமைத்தது, இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது, பேங்குகளோடு பேசித் தவணையை மாற்றியமைத்தும் தருகிறது. நான் கேட்ட அளவில், நம் தோட்டப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

இதை எழுதத் தொடங்கியபோது ஓர் இடதுசாரி நண்பர் சொன்னார்: “நீயும் கடைசியில் அவங்க பக்கம்தான்டா நிக்கிற. கடன் முதலாளித்துவத்தின் பொறி. அதில் எப்படிச் சாமர்த்தியமா விழறதுன்னு சொல்லிக் கொடுக்கிறியா?” பொறிதான், யார் இல்லை என்றது? ஆனால் அவருக்குக் கார்டு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டையும் ஒழுங்காகக் கட்டுகிறார். தனக்குத் தெரிந்த கணக்கை இன்னொருவனுக்குச் சொல்லாமல் தத்துவம் மட்டும் சொல்வது எந்த ஊர் சமத்துவம்? நம் இலக்கியக் கூட்டங்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். தோட்டத்து வறுமையைக் கதையாக்கிப் பரிசு வாங்கியிருக்கிறோம். அந்த வறுமையின் வட்டி விகிதம் எவ்வளவு என்று கதையில் எங்காவது எழுதியிருக்கிறோமா? பணம் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பது எழுத்தாளனுக்கு அழகு என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

‘பொறுப்பு’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் ஒருகாலத்தில் கார்டு கம்பெனிகள் மேசை போட்டு, விண்ணப்பித்தால் டீ-சட்டை, பீட்சா என்று கொடுத்தன. மாணவர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று அங்கேயும் பிரசங்கம் நடந்தது. 2009-இல் சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்குச் சொந்த வருமானமோ உடன் கையெழுத்தோ இல்லாமல் கார்டு கிடையாது, வளாகத்தில் அன்பளிப்பு காட்டி ஆள் பிடிக்கக்கூடாது, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் எத்தனை காலமாகும், மூன்றே ஆண்டில் முடிக்க மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை ஒவ்வொரு அறிக்கையிலும் அச்சிட வேண்டும். கடைசி விதியைக் கவனியுங்கள். நான் மேலே போட்ட அதே 253 வெள்ளிக் கணக்கை, கடன் கொடுக்கிறவனே போட்டுக் காட்ட வேண்டும் என்பது அது. பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதற்கு அது ஒரு பதில்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோட்டுப் போட்டவர்கள் வரட்டும். வரும்போது ஒரு கார்டு அறிக்கை, ஒரு மோட்டார் ஒப்பந்தம், ஒரு பிணைத் தாள் இவற்றின் நகலைப் பெயரை மறைத்துவிட்டுக் கொண்டுவரட்டும். பிள்ளைகளோடு பெற்றோரும் உட்காரட்டும், குறிப்பாக அம்மாக்கள். அந்தத் தாள்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், தமிழில் வரிவரியாகப் படித்துச் சொல்லட்டும். கல்லூரிக்குப் போன பிறகு அல்ல, எஸ்.பி.எம். முடிந்து முடிவுக்குக் காத்திருக்கிற அந்த இரண்டு மூன்று மாதத்தில். மோட்டார் வாங்குவது அப்போதுதான்.

போன டிசம்பரில் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் செய்து பார்த்தேன். வெள்ளைத்தாளில் 5,000 என்று எழுதி, மாதம் மாதமாகக் கீழே இறங்கினோம். ஆறாவது வரியில் ஒரு பெண் பிள்ளை, “அங்கிள், இது கொறையவே மாட்டேங்குதே,” என்றது. வெளியே வாசப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அதன் அம்மா திரும்பாமலே கேட்டார்: “மொத மாசம் கட்டுனதையே கடைசி வரைக்கும் கட்டுனா?”

நான் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மகனின் மோட்டார் தாளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். “அப்ப இதையும் பாத்துச் சொல்லுங்க தம்பி. பத்து பெர்செண்டுனுதான் சொன்னாங்க.” இன்னும் நாற்பத்தொரு தவணை பாக்கி இருந்தது.